கத்தியிலிருந்து கணினிக்கு: மூளையைப் படித்த கதை

மனித மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. தொட்டால் அமுங்கும் அளவுக்கு மென்மையானது. இறந்த பிறகு வெகு சீக்கிரம் குழைந்துவிடும். அதனால் மூளையைப் பற்றிப் படிக்க நெடுங்காலம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஆசிரியர் அறுக்கும்போது சுற்றி நின்று பார்க்க வேண்டும். பின்வரிசை மாணவனுக்கு ஒன்றும் தெரியாது. "இன்னொரு தடவை காட்டுங்கள்" என்று கேட்கவும் முடியாது. வெட்டிய மூளையை மறுபடி ஒட்ட முடியாதே!

தனியாக உட்கார்ந்து படிக்க வழி செய்தவர்களில் முக்கியமானவர் வெசாலியஸ். 1543-ல் பாசல் நகரில் அச்சான அவருடைய பெரிய நூலின் ஏழாம் பகுதி மூளையைப் பற்றியது. மூளையை மேலிருந்து கீழே அடுக்கடுக்காக வெட்டினால் என்னென்ன தெரியும் என்று அதில் வரிசையாகப் படங்கள் இருந்தன. அதே ஆண்டு மாணவர்களுக்கென்று ஒரு சுருக்க நூலும் வெளியிட்டார். அதிலிருந்த உறுப்புப் படங்களைக் கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காகித உடல் ஒன்றைச் செய்துகொள்ளலாம். இன்றைய கணினிப் பாடங்களுக்கு அதைக் கொள்ளுத்தாத்தா எனலாம்.

1664-ல் தாமஸ் வில்லிஸ் மூளைக்கென்றே தனி நூல் எழுதினார். அதற்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். 1893-ல் பார்மலின் திசுக்களைக் கெட்டிப்படுத்திக் காக்கும் என்பது தெரிந்தது. மூளையை ஜாடியில் வைத்துப் பல நாள் படிக்க முடிந்தது.

ஆனால் உடல்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் தூக்குமேடையிலிருந்து! கொலைக் குற்றவாளிகளின் சடலத்தை அறுத்துப் படிக்க 1752-ல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். அதுவும் போதவில்லை. 1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். தேவை அதிகம், வரத்து குறைவு என்றால் சந்தை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இது ஒரு கொடூரமான உதாரணம். 1832-ல் புதிய சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

கணினி வந்தபோது இந்தத் தட்டுப்பாடு தீரும் என்ற நம்பிக்கை பிறந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'டிஜிட்டல் அனாடமிஸ்ட்' மூளைப் பாடம் குறுந்தகடாக வந்தது. 1995-ல் ஜான்சன், பெக்கர் இருவரும் 'முழு மூளை நிலப்பட'த்தை இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். நல்ல மூளையையும் பக்கவாதம், கட்டி, அல்சைமர் தாக்கிய மூளைகளையும் மாணவர் தாமே அடுக்கு அடுக்காக நகர்த்திப் பார்க்கலாம். பின்வரிசை என்பதே இல்லாமல் போனது. நூறு தடவை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம்.

இவற்றில் மிகப் பெரிய முயற்சி அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'காணும் மனிதன்' திட்டம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆணின் உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் தடிமனாகச் சீவிச் சீவி 1,871 படங்கள் எடுத்தார்கள். 1994-ல் வெளியான அந்தத் தரவு 15 ஜிகாபைட். அன்றைய குறுந்தகடுகளில் போட்டால் இருபதுக்கு மேல் வேண்டும். மறு ஆண்டு 59 வயதுப் பெண் ஒருவரின் உடல் 5,189 படங்களாக வந்தது.

அந்த ஆண் யார்? 1993-ல் டெக்சாஸில் விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கொலைக் கைதி. இருநூறு ஆண்டுகள் கழித்தும் உடற்கூறு தூக்குமேடைக்கே திரும்பி வந்தது! ஒரு வித்தியாசம் உண்டு. அவர் தன் உடலை அறிவியலுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் இந்தத் திட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. தன் மூளையின் ஒவ்வொரு அடுக்கும் உலகமெங்கும் கணினித் திரைகளில் ஓடும் என்று அவர் நினைத்திருப்பாரா? சிறையில் சாவை எதிர்நோக்கி இருப்பவர் தரும் சம்மதம் முழுச் சம்மதம்தானா? இந்தக் கேள்விகளை அப்போதே பலர் எழுப்பினார்கள்.

2002-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பெனின்சுலா மருத்துவப் பள்ளி, மாணவர்கள் சடலத்தை அறுக்காமலேயே உடற்கூறு கற்பித்தது. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம், பிறவாத சிசுக்களின் மூளைகளை 5,132 வெட்டுப் படங்களாக 'தரணி' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. முன்பு ஒரு மூளையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். இப்போது ஒரே மூளையை லட்சம் பேர் பார்க்கலாம்.

ஆனாலும் திரையில் தெரிவது வெறும் படம் மட்டுமல்ல. ஒவ்வொரு அடுக்கின் பின்னாலும் வாழ்ந்து மறைந்த, அல்லது வாழாமலே போன ஓர் உயிர் இருக்கிறது. அறுவைக் கூடத்தில் சடலத்துக்கு முன்னால் மாணவர்கள் தலை குனிந்து மரியாதை செய்யும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. மவுசைக் கையில் எடுப்பவர்களுக்கும் அந்த நினைப்பு ஒரு நிமிடமாவது வந்தால் நல்லது.