செக்ரோல் முதல் எக்செல் வரை

கேமரன் மலையில் ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, கிராணி செக்ரோலில் பதிவார். ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். கட்டம் தவறினா அன்றைய கூலி போச்சு!

1979இல் விசிகால்க், 1985இல் எக்செல் என்று அந்தக் கட்டங்கள் கணினிக்கு வந்தன. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது கோடுகள் போய்விடும். காற்புள்ளிதான் கட்டத்தைப் பிரிக்கும். இதுதான் சிஎஸ்வி கோப்பு.

அதை நேரடியாக எக்செலில் திறப்பதில்தான் ஆபத்து. 2008இல் பிறந்த மாணவரின் 12 இலக்க அடையாள எண் 08 என்று தொடங்கும். எக்செல் அதை வெறும் எண்ணாக நினைத்து முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அப்படியே சேமித்தால் கோப்பிலும் அது இருக்காது. தேர்வுப் பதிவில் அவர் வேறு ஆள்! தமிழ்ப் பெயர்களும் சில சமயம் புரியாத குறிகளாகிவிடும்.

அதனால் 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகத் திறங்க. கோப்பின் குறியாக்கம் யுடிஎஃப்-8 (65001). 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வில் அடையாள எண் நிரலை 'டெக்ஸ்ட்' ஆக்குங்க. கேட்டால் 'ரிப்ளேஸ் கரண்ட்' என்பதையே அழுத்துங்க. ஏற்றியபின் 'லென்' சூத்திரம் போட்டு, எல்லாருக்கும் 12 வருதான்னு பாருங்க.