லாபம் தராத தொட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. முதலாளியின் அறைக்குள் நுழைந்ததுமே கண்ணில் படுவது கடல். ஆறடிக் கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீர். அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக நாலைந்து கோமாளி மீன்கள்.

பவளம்? மூச். கல் பவளங்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வந்தாலும் கம்பி எண்ணவேண்டியதுதான். நண்பர் விவரமான ஆள். மீன் போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

ஆனால், என்னை ஆச்சரியப்படுத்தியது அந்தத் தொட்டி அல்ல. அதற்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்தால் இன்னொரு தொட்டி. சின்னது. ஒரு மீன் இல்லை. பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி கொசகொசவென்று பச்சைப் பாசி. மேலே ஒரு விளக்கு. பார்க்கச் சகிக்கவில்லை.

‘இது எதுக்குங்க?’ என்றேன்.

‘ரெஃப்யூஜியமுங்க. மேல இருக்கறது உசுரோட இருக்கோணும்னா, கீழ இது இருந்தே ஆகோணும்.’

லத்தீன் சொல். புகலிடம் என்று அர்த்தம். இந்த அழுக்குத் தொட்டிக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது.

1846. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாதிரியாராக இருந்தவரின் மனைவி அன்னா தைன். டார்க்கி கடற்கரைக்குப் போன இடத்தில் உயிருள்ள பவளத்தைப் பார்த்து மயங்கி, ஜாடியில் போட்டு லண்டனுக்கே கொண்டுவந்துவிட்டார். வந்தபிறகுதான் சிக்கல். ஜாடித் தண்ணீரில் காற்று கலக்கவேண்டுமே? திறந்த ஜன்னல் அருகே நின்று அரை மணி, முக்கால் மணி நேரம் தண்ணீரை இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு ஆற்றுவார்கள். நம்மூர் டீக்கடை மாஸ்டர் மாதிரி. பெரும்பாலும் ஆற்றியது வீட்டு வேலைக்காரப் பெண். தினசரி இந்தக் கூத்து. மறு வருடம் கடற்பாசியையும் கூடவே போட்டுப் பார்த்தார். பாசி, தண்ணீருக்குப் பிராணவாயு கொடுத்தது.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள். அடுத்த வருடம் ஃபிலிப் காஸ் எழுதிய புத்தகத்தால் ‘அக்வேரியம்’ என்ற சொல்லே வீட்டுக்கு வீடு பரவியது. நாமும் சளைக்கவில்லை. 1909-ல் சென்னை மெரீனாவில் ஒரு கடல் மீன் காட்சியகம் வந்தது. யோசனை, மியூசியம் எட்கர் தர்ஸ்டனுடையது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடிவிட்டார்கள்.

மெரீனாவுக்குக் கவலை இல்லை. வாசலிலேயே வங்கக் கடல். கடலில்லாத ஊரில் என்ன செய்வது?

இங்கேதான் வால்டர் ஏடி வருகிறார். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பாசி ஆராய்ச்சியாளர். 1980-ல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள்ளேயே உயிருள்ள ஒரு பவளப்பாறையை நிறுத்திக் காட்டினார். கடலில் எல்லாமே ஒரே இடத்தில் நடப்பதில்லை என்பது அவர் கட்சி. பாறைக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத பாசித் திட்டுகள் இருக்கும். ஒருத்தரை ஒருத்தர் தின்றுவிடாமல் பொடி ஜீவன்கள் ஒளிந்து வாழும் ஓரங்கள் இருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் பாறையை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் எப்படிப் பிழைக்கும்? ஓரத்துக்கும் ஒரு தொட்டி வை என்றார்.

கதை இவ்வளவுதான். மீனுக்குத் தீனி போடுகிறீர்கள். தின்றது போக மிச்சமும், மீனின் கழிவும் அம்மோனியாவாகும். பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட் அங்கேயே தேங்கும். மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து கீழ்த்தொட்டிக்கு வருகிறது. பாசி நைட்ரேட்டைத் தின்று கொழுக்கிறது. சுத்தமான தண்ணீர் மோட்டார் வழியே மேலே போகிறது. மேலே விளக்கு அணைந்ததும் கீழே விளக்கு எரியும். ராத்திரியில் பிராணவாயு குறைந்துபோகாமல் இருக்க இந்த ஷிஃப்ட் ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பாசிக்குள் பெருகி, மேலே போய் மீனுக்குத் தீனியும் ஆகின்றன.

ஒரே ஒரு நிபந்தனை. பாசியை அவ்வப்போது வெட்டி வெளியே எறியவேண்டும். விட்டால் அழுகி, தின்றதையெல்லாம் திரும்பக் கக்கிவிடும். நான் பி.காம். சட்டென்று புரிந்தது. கணக்கிலிருந்து வெளியே போகாதவரை எதுவும் தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. அடுத்த பக்கத்துக்கு கேரி ஃபார்வேர்டு, அவ்வளவே.

‘உப்பையும் பாசி தின்னுடுமா?’ என்று கேட்டேன். நண்பர் சிரித்தார்.

‘உப்பை ஒண்ணும் திங்காதுங்க. தண்ணி ஆவியாப் போனாலும் உப்பு அப்படியே நிக்கும். அது எங்க ஊருக்குத் தெரியாதுங்களா?’

தெரியும். நன்றாகவே தெரியும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 60, 70 கிராம்கூடப் போடுவார்கள். கடல் நீரிலேயே 35 கிராம்தான்! சாயம் துணியில் தங்கும். உப்பு தங்காது. அத்தனையும் நொய்யலுக்குப் போனது. கடலில்லாத ஊர், கடலைவிட உப்பான தண்ணீரைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

பாசனத்துக்கென்று 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். அது பாசி வெட்டாத கீழ்த்தொட்டி ஆனது. வந்தது தேங்கியது, தேங்கியது நிலத்தில் இறங்கியது. கிணறுகள் கெட்டன. தென்னை பட்டுப்போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கூலிக்கு வந்தவர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். பிறகுதான் சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கும் இயந்திரம், மீட்ட உப்பை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் ஏற்பாடெல்லாம் மும்முரமாயின.

கீழ்த்தொட்டி முதலிலேயே செலவுக் கணக்கில் இருந்திருந்தால்?

அது ஒரு பைசா சம்பாதிக்காது. இடத்தை அடைக்கும். கரண்ட் பில் வரும். அந்த இடத்தில் இன்னும் இரண்டு தையல் மெஷின் போடலாமே என்றுதான் எந்த வியாபாரிக்கும் தோன்றும். தப்பில்லை, எனக்கும் தோன்றும். ஆனால் மேலே மீன் செத்து மிதக்கிற அன்றைக்குத்தான் அந்த நாலடி இடத்தின் விலை தெரியும்.

திருப்பூருக்கு அப்படி ஒரு நாலடி இடம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஊருக்கு வடகிழக்கே, நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம். சுமார் 125 ஹெக்டேர். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகூட அங்கே இறங்குகிறது. 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சரணாலயம் என்றாலும் புகலிடம் என்றுதானே அர்த்தம்?

அடுத்தமுறை பனியன் வாங்கத் திருப்பூர் போனால், ஒரு காலை நேரத்தில் அந்தக் கரைக்கும் போய்விட்டு வாருங்கள். மேல்தொட்டியை எல்லோரும்தான் பார்க்கிறார்கள்.