‘நல்ல மார்க் எடுத்தா சைக்கிள்’... பிள்ளைகளுக்குப் பரிசு ஆசை காட்டலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"இந்தத் தடவை நல்ல மார்க் எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்." தேர்வு நெருங்கினாலே பல வீடுகளில் கேட்கும் வசனம் இது.

பரிசுக்காகவோ திட்டுக்குப் பயந்தோ படிப்பதைப் புற ஊக்கம் என்கிறார்கள். பாடமே பிடித்துப்போய்ப் படிப்பது அக ஊக்கம். முதலாவது இரண்டாவதைக் கெடுத்துவிடுமா? உளவியலாளர்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வரும் கேள்வி இது.

ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் செய்த வேலை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஒன்றில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வு 1973-ல் வெளியானது. ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவது என்றாலே குஷியாகிவிடும் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்வு செய்தார்கள்.

ஒரு பிரிவுக்கு, "படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை. வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் திடீரெனக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் பரிசே இல்லை.

ஓரிரு வாரங்கள் கழித்து, வகுப்பில் அதே பேனாக்களை வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசே வாங்காத குழந்தைகள் விளையாட்டு நேரத்தில் சுமார் 16.7 சதவீதத்தை வரைவதில் செலவிட்டனர். திடீர் பரிசு வாங்கியவர்கள் சுமார் 18.1 சதவீதம். பரிசு வரும் என்று தெரிந்தே வரைந்தவர்கள்? வெறும் 8.6 சதவீதம்தான். பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களின் தரமும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பரிசு அல்ல; வாக்குறுதிதான் சிக்கல். அதே சான்றிதழ் எதிர்பாராமல் வந்தபோது எந்தப் பாதிப்பும் இல்லை. ‘இதைச் செஞ்சா அது கிடைக்கும்’ என்றதும், பிடித்த விளையாட்டு கூலி வேலையாக மாறிவிடுகிறது.

சரி, பிடிக்காத பாடத்துக்கு?

படம் வரைவது எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். கணக்கு அப்படியில்லையே! இங்கேதான் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்க நகரப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு உதவுகிறது. 2011-ல் வெளியான இதில் மாணவர்களுக்கு நிஜமாகவே பணம் கொடுத்துப் பார்த்தார்கள்.

நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம். ஏழாம் வகுப்பு மாணவருக்கு ஒரு தேர்வுக்கு 50 டாலர் வரை. மதிப்பெண் உயரவில்லை. "இன்னும் அதிகமா சம்பாதிக்க என்ன செய்வே?" என்று கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்பேன், அவசரப்பட மாட்டேன் என்கிற ரீதியில்தான் பதில் வந்தது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பேன், கூடுதலாகப் படிப்பேன் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆசை இருந்தது, வழி தெரியவில்லை.

டல்லஸில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றிய சிறு தேர்வில் தேறினால் 2 டாலர். ஆங்கிலத்தில் தேர்வெழுதிய குழந்தைகளிடம் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. ஸ்பானிஷில் எழுதியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மார்க் ஒரு குழந்தையின் கையில் இல்லை; ஒரு புத்தகத்தைப் படித்து முடிப்பது அதன் கையில் இருக்கிறது. எனவே பரிசு தந்தே ஆக வேண்டும் என்றால் ‘90 எடுத்தா’ என்பதைவிட ‘தினமும் பத்துக் கணக்கு போட்டா’ என்பது பொருத்தம்.

பணம் வாங்கியதால் மாணவர்களின் அக ஊக்கம் குறைந்ததாக இந்த ஆய்வில் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாராட்டு?

128 ஆய்வுகளைத் தொகுத்து எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் உள்ளிட்டோர் 1999-ல் வெளியிட்ட முடிவின்படி, முன்கூட்டியே சொல்லித் தரும் பொருள் பரிசுகள் அக ஊக்கத்தைக் குறைக்கின்றன. கல்லூரி மாணவர்களைவிடக் குழந்தைகளிடம் பாதிப்பு அதிகம். வாய்மொழிப் பாராட்டு அப்படிக் குறைப்பதில்லை. ஆனால் ‘நான் சொன்ன மாதிரியே செஞ்சிட்ட’ என்ற அதிகாரத் தொனி வந்தால் அதுவும் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதில்லை. வீட்டுக்குள் ‘பக்கத்து வீட்டுப் பையன் எவ்ளோ?’ என்ற பட்டியல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஏற்கனவே சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டீர்களா? வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் பிள்ளை தானாகவே எடுத்துப் படிக்கும் கதைப் புத்தகத்துக்கு மட்டும் விலை பேசாதீர்கள்.