யாருடைய கணக்கு? ராஜபாளையத்தில் பிறந்த மேலாண்மை மென்பொருளும் டேவன்போர்ட்டின் வாசிப்பும்

கொள்முதல், இருப்பு, உற்பத்தி, சம்பளம், ஐந்தொகை என்று நிறுவனம் முழுவதையும் ஒரே மென்பொருளின் கீழ்க் கொண்டுவரும் ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இன்றும் தாமஸ் டேவன்போர்ட்டில்தான் தொடங்குகிறார்கள். 1998 ஜூலை–ஆகஸ்ட் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை வாதிப்பது இதுதான்: இத்தகைய மென்பொருள் தனக்கென்று ஒரு தர்க்கத்தோடு வருகிறது, வாங்கிய நிறுவனத்தின் உத்தி, அமைப்பு, பழக்கவழக்கம் அனைத்தின் மீதும் அந்தத் தர்க்கத்தை ஏற்றிவிடுகிறது. முன்பு நிறுவனம் தன் வேலைமுறையை முடிவுசெய்துகொண்டு அதற்கேற்ற மென்பொருளைத் தேடியது. இப்போது அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

அவர் காட்டும் சான்றுகள் கனமானவை. மருந்து விநியோக நிறுவனமான ஃபாக்ஸ்மேயர், தான் திவாலானதற்கு இந்த மென்பொருளும் ஒரு காரணம் என்றது. டவ் கெமிக்கல் ஏழாண்டுகளும் ஏறத்தாழ 50 கோடி டாலரும் செலவிட்டு மெயின்பிரேமில் ஓர் அமைப்பை நிறுவிய பிறகு, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க முடிவுசெய்தது. டெல் நிறுவனத்தின் புதிய நிர்வாக முறையோடு மென்பொருள் ஒத்துப்போகவில்லை. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. மறுப்பது, இச்சான்றுகளிலிருந்து அவர் வருவிக்கும் படத்தை. ஒரு பக்கம் தனித்தன்மையுள்ள நிறுவனம். மறுபக்கம் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத் தர்க்கம். இந்த இரண்டாவது பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்தது என்பதோடு விட்டுவிடுகிறார்.

அவர் கட்டுரைக்குள்ளேயே இதற்கு ஓர் இடறல் இருக்கிறது. ஹியூலெட்–பேக்கார்டின் பிரிவுகள் தத்தமக்குத் தனித்தனியாக அமைப்பை நிறுவிக்கொண்டதை அவரே விவரிக்கிறார். தர்க்கம் அவ்வளவு வலியதென்றால் ஒரே மென்பொருள் ஒரே நிறுவனத்துக்குள் பல உருவங்களில் எப்படி நின்றது? இதை ஒரு கூட்டாட்சி வகை என்று தனியாக வகைப்படுத்திவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார்.

பெரிய சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது. அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் எஸ்.ஏ.பி.யின் ஆர்/3. ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐவர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் முதல் வாடிக்கையாளர் ஐ.சி.ஐ.யின் ஜெர்மன் கிளை. இடம் ஓஸ்ட்ரிங்கன் என்ற சிற்றூரில் இருந்த நைலான் இழை ஆலை. அந்த ஆலையின் கணினியில், அந்த ஆலையின் கணக்கை வைத்துத்தான் முதல் நிரல்கள் எழுதப்பட்டன. ஆக, 1998-இல் அமெரிக்காவில் பொதுத் தர்க்கமாகத் தோற்றமளித்தது, கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு நூல் ஆலையின் உள்ளூர் வழக்கம். பிறந்த ஊரின் அடையாளம் அழிந்துபோனதால் பொதுவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடையாளம் அழியாத ஒரு நிகழ்வு நம்மிடம் இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ், அதன் பின் வந்த சர்ஜிகல் பருத்தி ஆலை, சிமெண்ட், சிமெண்ட் ஷீட் என்று விரிந்த குழுமத்தின் வரலாறு வாசகர்கள் அறிந்ததே. அந்தக் குழுமத்தின் ராம்கோ இண்டஸ்ட்ரீஸில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவாக முளைத்ததுதான் பின்னாளின் ராம்கோ சிஸ்டம்ஸ். பி.ஆர். வெங்கட்ராம ராஜா அதை முன்னின்று வளர்த்தார். அதன் மார்ஷல் என்ற மென்பொருள், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே கடைவிரித்துக்கொண்டிருந்த 1990-களிலேயே அவற்றோடு மோதியது.

எப்போது தொடங்கியது என்பதில் குழப்பம் உண்டு. 1992 என்கிறது ஒரு வழக்கு; 1997 என்கிறது இன்னொன்று. இங்கே நான் நம்பி நிற்கும் ஆவணம் ஒற்றை வரிதான்: நிறுவனத்தின் பதிவெண். எல் 72300 டிஎன் 1997 பிஎல்சி 037550. இதைக் கல்வெட்டுபோலத் துண்டுதுண்டாகப் படிக்க வேண்டும். முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதற்கு. பட்டியலிடப்படாததாயின் அங்கே யு இருக்கும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. பிறகு மாநிலம், பதிவான ஆண்டு, பொது நிறுவனம் என்ற குறி, பதிவாளரின் வரிசை எண்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த வரி 1997-இல் எழுதப்பட்டதன்று. இவ்வகைப் பதிவெண் முறையே அதற்குப் பிற்பட்டது. கடிதத்தாளில் அதை அச்சிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவால் வந்த கட்டாயம். ஆகவே 1997 என்பது பின்னால் படியெடுத்த கல்லில் இருக்கும் ஆண்டு. நிறுவனம் சட்டப்படி உருக்கொண்ட ஆண்டுக்கு அது சான்று. வேலை தொடங்கிய ஆண்டுக்கு அன்று. அதனால் 1992-ஐ அது பொய்யாக்கவில்லை. இரண்டும் ஒன்றாக நிற்கலாம்: பிரிவாக ஐந்தாண்டு, பிறகு நிறுவனம்.

தொழில் வகை எண் இன்னும் சுவையானது. 2004-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 722-இல் தொடங்குபவை மென்பொருள் ஆக்கமும் ஆலோசனையும்; 723 தரவுச் செயலாக்கம். மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்கு 722 அல்லவா இருக்க வேண்டும்? பதிவாளர் அலுவலகத்து எழுத்தர் கைபோன போக்கில் போட்ட எண்ணாக இருக்கலாம். வகை எண்களை நம்பி ஏமாந்த ஆய்வாளர்கள் உண்டு. ஆனாலும் தரவுச் செயலாக்கம் என்பது, ஒரு குழுமத்தின் கணக்குகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் உள்வேலையைத்தான் நினைவூட்டுகிறது. இதன் மீது அதிகம் கட்டமாட்டேன்.

கட்டுவது முகவரியின் மீது. நிறுவன அலுவலகம் சென்னைத் தரமணியில், சர்தார் பட்டேல் சாலையில். பதிவு அலுவலகமோ ராஜபாளையம் பி.எஸ்.கே. நகர், 47. ஷீட் தயாரிக்கும் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் பதிவு அலுவலகத்துக்கும் அதே கதவு எண். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம், சட்டத்தின் கண்ணில், தன்னை ஈன்ற ஆலைக் குழுமத்தோடு இன்னும் ஒரே வாசலில் இருக்கிறது. வெறும் வசதிக்காகத்தான் என்று சொல்லலாம். இருக்கட்டும், ஓஸ்ட்ரிங்கனோடு எஸ்.ஏ.பி.க்கு இந்த அளவு உறவுகூட மிஞ்சவில்லை.

ஒரே வாசல் என்பதால் ஒரே தர்க்கம் ஆகிவிடுமா? இங்கே சான்று மெலிகிறது. ஆகவே வாதத்தைக் கொஞ்சம் அழுத்தியே வைக்க வேண்டியிருக்கிறது. நூற்பாலைக்குள் ஒரு பேல் பஞ்சு போகிற வழியைப் பாருங்கள். பேலுக்குப் பெயரளவில் 170 கிலோ. உள்ளபடி ஒவ்வொன்றும் ஒரு எடை. புளோரூமிலும் கார்டிங்கிலும் தூசும் துண்டு இழையும் விழும். கோம்பரில் நாயில் என்ற குட்டை இழை பிரியும். அது குப்பையன்று, வேறு ஆலைக்கு விலைக்குப் போகும் சரக்கு. பஞ்சின் ஈரம் மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. கடைசியில் கோனில் ஏறிய நூல், விற்ற கழிவு, கொட்டிய தூசு மூன்றையும் கூட்டினாலும் உள்ளே போன எடை வராது. அந்த மிச்சத்தை மில்காரர்கள் இன்விசிபிள் லாஸ் என்று தனி வரியாகவே எழுதிவிடுவார்கள். பற்றும் வரவும் நேராக நிற்க வேண்டும் என்று எழுதப்பட்ட எந்த மென்பொருளுக்கும் இந்த வரி ஒரு திருட்டுப் புகார். ஸ்பின்னிங் மாஸ்டருக்கோ அது அன்றாடம். அது கூடினால் எங்கோ கோளாறு, ஒரேயடியாகக் குறைந்தாலும் தராசைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

இந்த வழக்கம் ஆலைக்கு முந்தியது. சுந்தரபாண்டியம் போன்ற கைத்தறி ஊர்களில் நூலை எடைபோட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடைபோட்டு வாங்கி, இடையில் போன சேதத்துக்கு ஒரு அளவு வைத்துக் கூலி தீர்ப்பது தறிக்கணக்கின் அடிப்படை. சேதத்தைக் குற்றமாக எண்ணாமல் அளவாக எண்ணும் கணக்கு இது. இப்படிப்பட்ட பேரேடுகளின் நடுவே வளர்ந்த ஒரு மென்பொருள் பிரிவு, அந்த வரியை எதிர்கொள்ளாமல் தன் முதல் நிரல்களை எழுதியிருக்க முடியாது என்பதே என் துணிபு. ஊகம்தான். ஆனால் பொதுத் தர்க்கம் என்று ஒன்று வானத்திலிருந்து இறங்கியது என்பதைவிட நம்பத்தக்க ஊகம்.

டேவன்போர்ட்டுக்கு உரியதை மறைக்கக் கூடாது. மார்ஷல் வெளியே விற்கப்பட்ட நாளிலிருந்து, வாங்கியவருக்கு அதுவும் வேற்றூர்த் தர்க்கமே. அவர் சொன்னது மிகப் பொருந்தும் இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ ஒரே தேசிய மென்பொருளின் கீழ்க் கொண்டுவரும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. மென்பொருளுக்குப் பொறுப்பு நபார்டு. தமிழகச் சங்கமோ பயிர்க்கடனோடு நிற்பதில்லை. நகைக்கடன் கொடுக்கும், உரம் விற்கும், ரேஷன் கடை நடத்தும். இத்தனையையும் நாடு முழுவதற்குமான ஒரே பேரேட்டில் ஏற்றும்போது வளைந்துகொடுக்க வேண்டியது வத்திராயிருப்புப் பக்கத்துச் சங்கச் செயலாளர்தான். ஆனால் வளைத்தது மென்பொருளின் இயல்பா? எந்தச் சங்கத்தின் கணக்கை முன்மாதிரியாக வைத்து அது எழுதப்பட்டது என்ற முடிவா? டேவன்போர்ட்டின் கேள்வி இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. 2021-இல் ஐந்து சவரன் நகைக்கடன் தள்ளுபடிக்கான ஆய்வில், ஒரே ஆள் பல சங்கங்களில் வாங்கிய கடன்கள் வெளிப்பட்டதை நினைத்தால், சங்கங்களுக்கிடையே பேரேடு இணைவதன் தேவையையும் மறுக்க முடியாது.

தேதிக்கு வருவோம். 1992-க்கும் 1997-க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகள் பதிவெண்ணில் இல்லை, இருக்கவும் முடியாது. மென்பொருள் அப்போது இன்னொரு நிறுவனத்தின் செலவுக் கணக்கில் ஒரு தலைப்பாக மட்டுமே இருந்திருக்கும். ஆகவே தேட வேண்டியது ராம்கோ சிஸ்டம்ஸின் ஏடுகளை அன்று, அவ்வாண்டுகளின் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் ஆண்டறிக்கைகளை. ஷீட் விற்பனைக்கும் மூலப்பொருள் கொள்முதலுக்கும் நடுவே ஆராய்ச்சிச் செலவு எந்த ஆண்டில் தனி வரியாகப் பிரிகிறது என்று வரிசையாகப் பார்த்த பிறகே பிறப்பாண்டை எழுதலாம். அதுவரை 1992-ஐ வழக்கு என்றும், 1997-ஐப் பதிவு என்றும், மார்ஷலை 1990-களின் நடுப்பகுதி என்றும் குறிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.