எவரும் ஆடாத போர்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்திற்குப் பொறுப்பு. அப்பாத்திரம் வாளை வீசினால் பகடை உருளும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஏனைய மாந்தர் அனைவரையும் இயக்குபவர் நடுவர். கதைப்போக்கில் இரு மன்னர்களின் படைகள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திற்கு இருநூறு பேர். அத்தனை பேருக்கும் தனித்தனியே பகடை உருட்டப் புகுந்தால் நடுவர் தமக்குத் தாமே ஆடிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். எவரும் ஆடாத இப்போரின் முடிவை யார் சொல்வது, பகடையா நடுவரா?

கேள்வி இவ்விளையாட்டைவிட மூத்தது. பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைத் திருத்தி 1824இல் வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிவப்பு நீலக் கட்டைகள், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர். அதிகாரிகள் ஆணைகளை எழுதித் தருவார்கள். நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, இழப்பைக் கணக்கிடுவார். நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு நிமிடப் போரைக் கணக்கிட அதைவிட நெடுநேரம் பிடித்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் பிரஷ்ய உயர் அதிகாரி, அட்டவணையையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார்.

தீர்ப்பு மனிதர் கைக்கு வந்தபோது மனித ஆசையும் உடன் வந்தது. 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கான ஒத்திகை ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் நடந்தது. பகடை ஒன்பது குண்டுகள் பட்டதாகக் காட்ட, அகாகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கியதாகக் கணக்காயிற்று. தளபதி உகாகி தலையிட்டு ஒன்பதை மூன்றாகக் குறைத்தார் என்று புச்சிதா எழுதுகிறார். அகாகி பிழைத்தது. ஒன்பது மிகை என்று உகாகிக்காக வாதிட இடமுண்டு. மூழ்கிய காகா அடுத்த கட்ட ஒத்திகையில் மீண்டும் மிதந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது? ஜூன் மாதம் மிட்வேயில் இரண்டும் மெய்யாகவே மூழ்கின.

பிரஷ்ய நடுவர் அமெரிக்க மேசைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு பழைய நூல் துணை. சார்ல்ஸ் டாட்டன் 1880இல் எழுதிய 'ஸ்ட்ராட்டகோஸ்' மின்னசோட்டாவின் டேவிட் வெஸ்லி கண்ணில் பட்டது. 1969இல் அவர் நடத்திய ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் படைகளை விட்டுத் தனிமனிதர்களாக ஆடினார்கள். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' இருபது வீரருக்கு ஒரு பொம்மை என்று வைத்தது. அதன் கற்பனைப் பின்னிணைப்பில் 'ஹீரோ' ஒருவன் நான்கு பொம்மைகளுக்கு நிகர். கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸி'ல் நான்காம் நிலையை எட்டிய போர்வீரனின் பட்டமும் 'ஹீரோ'தான். தனிமனிதன் படையிலிருந்து பிரிந்து வந்ததன் தழும்பு அது.

பிரிந்து வந்தவனுக்குப் பின்னர் கோட்டையும் நாடும் வாய்த்தன. படை திரும்பவும் தேவைப்பட்டது. 1984இல் வந்த 'கம்பேனியன்' தொகுப்பின் 'வார் மெஷின்' விதிகள் ஒரு படையையே ஓர் எண்ணாக்கின. தலைமை, பயிற்சி, ஆயுதம் ஆகியவற்றை மதிப்பிட்டு வருவது அவ்வெண். நிலம், களைப்பு முதலியவற்றுக்கேற்பக் கூட்டிக் குறைத்து, பக்கத்திற்கு ஒருமுறை நூறு வரை பகடை உருட்டிச் சேர்த்தால் வெற்றி தெரியும். இரண்டு எண்களின் இடைவெளி இழப்பைச் சதவீதத்தில் சொல்லும். ரைஸ்விட்ஸின் பகடையும் வெர்னுவாவின் மதிப்பீடும் இங்கே ஒரே மேசையில் அமர்ந்துவிட்டன. உகாகிகளுக்கு இடம் குறைவு, ஏனெனில் மதிப்பீடு பகடைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனால் முப்பது சதவீதம் என்ற சொல்லில் ஒரு முகமும் இல்லை.

எனக்கு உவப்பானது அடுத்த ஆண்டு கிரெக் ஸ்டாஃபோர்ட் 'பென்டிராகனி'ல் காட்டிய வழி. ஆர்தர் மன்னனின் காலத்துக் களம் அது. தளபதிகளின் போர்த்திறனுக்கு உருளும் பகடை பெரும்போரின் போக்கைச் சொல்லும். ஆட்டக்காரரின் வீரன் ஒவ்வொரு சுற்றிலும் தன் குதிரைக்கு எதிரே வந்தவனோடு மட்டும் பொருதுவான். புழுதிக்கு அப்பால் நடப்பதை அவன் எண்ண வேண்டியதில்லை.