கரிச் சிறுவனும் காய்ந்த கனியும்

கிறிஸ்துமஸ் மரத்தை அணி செய்யும் வழக்கம் ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் வளர்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அம்மரத்தில் முதன்முதல் தொங்கியவை இன்று கடைகளில் விற்கும் கண்ணாடிக் குண்டுகள் அல்ல. உண்ணும் பொருள்களே என்பதை அறிந்தோர் சிலரே ஆவர். வட ஜெர்மனியிலுள்ள பிரேமன் நகரில், கைவினைஞர் சங்கம் ஒன்றன் மண்டபத்தில் 1570ஆம் ஆண்டளவில் சிறு மரம் ஒன்று நிறுத்தப்பட்டு, ஆப்பிள், கொட்டைகள், பேரீச்சம்பழம், காகிதப் பூக்கள் ஆகியவை அதில் கட்டப்பட்டன. திருநாளன்று சங்கத்தாரின் குழந்தைகள் அவற்றைப் பறித்துக்கொண்டனர். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வழக்கத்தைக் கூறும் 1605ஆம் ஆண்டுக் குறிப்பிலும் ஆப்பிளும் இனிப்பும் பல நிறக் காகித ரோசாக்களும் இடம்பெறுகின்றன. துரிங்கிய மலைநாட்டு லவுஷா ஊரார் கண்ணாடியை ஊதி மரத்துக்கு அணி செய்து விற்றது 19ஆம் நூற்றாண்டிலேதான். அதற்கு முன்பும், அதன் பின்பு பணமில்லாத வீடுகளிலும், தோட்டத்துக் கனியே அணியாக இருந்தது.

உறைபனி பெய்யும் டிசம்பரில் கனி ஏது என்னும் வினா எழலாம். ஆப்பிள் நிலவறையில் பல திங்கள் கெடாது நிற்கும். பிளம் பழமோ நில்லாது. அதனை உலர்த்தியே வைத்தல் வேண்டும். வெயிலை நம்பி வற்றலும் வடகமும் இடும் வழக்கமுடையார் இங்கு ஒன்றை மறத்தலாகாது. அந்நாட்டு இலையுதிர் காலத்து வெயில் பழத்தை உலர்த்தப் போதாது. ஆதலின் ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் எஞ்சிய சூட்டிலே பழத்தைத் தட்டுகளில் பரப்பி வைத்தனர். அவ்வாறு உலர்ந்த பிளம் பழத்துக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயரின் நேர்பொருளே 'சுட்ட பழம்' என்பதுதான். ஔவையாரையும் நாவல் மரத்தடியையும் நினைந்து தமிழாசிரியர் எவரேனும் இவ்விடத்தில் முறுவலித்தால் வியப்பில்லை.

இச்சுட்ட பழத்தைக் கொண்டு உருவம் சமைக்கும் கலை இரு நகரங்களில் பெயர் பெற்றது. ஒன்று தென் ஜெர்மனியிலுள்ள நூரம்பர்க். அங்கே அக்ரூட் கொட்டை தலையாகவும், உலர்ந்த அத்திப்பழம் உடலாகவும், கம்பியில் கோத்த பிளம் பழங்கள் கை கால்களாகவும் அமையும். அவ்வுருவத்துக்குத் துணி தைத்து உடுத்தி, உழவனாகவும் இசைவாணனாகவும் கிழவியாகவும் ஆக்குவர். மற்றொன்று சாக்சனி நாட்டுத் தலைநகராகிய டிரெஸ்டன். அங்கே உருவம் ஒன்றே: புகைபோக்கி துடைக்கும் சிறுவன். நூரம்பர்க் பொம்மைக்குப் பல வேடம் இருக்க, டிரெஸ்டன் பொம்மைக்கு ஒரே வேடம் இருப்பதற்குக் காரணம் உண்டு.

டிரெஸ்டன் சந்தை பழமையானது. 1434இல் இளவரசர் இரண்டாம் பிரீடரிக் கிறிஸ்துமசை ஒட்டி ஒருநாள் இறைச்சிச் சந்தை கூட்ட ஆணை தந்தார். பின்னர் அது பல நாட்சந்தையாகி, அங்கு விற்கும் திருநாள் ரொட்டியின் பழம்பெயரால் 'ஸ்ட்ரீட்சல் சந்தை' எனப் பெயர் பெற்றது. இந்நகருக்கு வடகிழக்கே அதிகத் தொலைவில்லாத புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூர் தமிழ் அச்சு வரலாறு கற்றார்க்குப் புதியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு 1682இல் பிறந்த ஊர் அது. அவ்வூரார் 1558 முதல் உரிமை பெற்றுச் சுட்டு வரும் திருநாள் பண்டத்துக்கு 'மிளகு அப்பம்' என்று பெயர். கடல் கடந்து வந்த நறுமணப் பொருள் அனைத்தையும் அக்காலத்து ஜெர்மானியர் மிளகு என்றே வழங்கினர்.

இனிப் பழச் சிறுவனுக்கு வருவோம். அவன் பெயர் 'பிளௌமன்டாபெல்'. பிளௌம என்பது பிளம் பழம். டாபெல் என்பது கிறிஸ்டோப் என்னும் பெயரின் நாட்டுப்புறக் குறுக்கம். பேதையன் என்னும் பொருளும் அதற்கு உண்டு. செய்முறை எளிது. சிறு பலகையில் இரு குச்சிகளை ஊன்றிப் பழங்களைக் கோத்தால் கால்கள். அவற்றின் மேல் பெரிய பழங்கள் உடல். குறுக்கே ஒரு குச்சி கைகள். தாளை உருட்டி முகம் எழுதினால் தலை. கறுப்பு அட்டையில் உயர்ந்த தொப்பியும், பொன் தாளில் கழுத்துப் பட்டையும், கையில் சிற்றேணியும் சேர்ந்தால் வேலை முடிந்தது. பழம் மிக மென்மையாயின் குச்சியில் சரிந்துவிடும். மிகக் காய்ந்ததாயின் குச்சி ஏறாது. சுருங்கிக் கறுத்த பழத்துக்கு வேறு வண்ணம் பூச வேண்டியதில்லை. கரி படிந்த மேனிக்கு அதுவே பொருந்தும்.

அக்கரி விளையாட்டுக் கரி அன்று. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து, 1653இல், சாக்சனி இளவரசர் முதலாம் யோகான் ஜார்ஜ் புகைபோக்கி துடைக்கும் தலைவர்கள் ஏழு வயதுச் சிறுவரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என இசைவளித்தார். போர் விட்டுச் சென்ற அநாதைகள் மிகப் பலராதலின் ஆளுக்குப் பஞ்சமிருந்திராது. வளர்ந்த ஆள் நுழைய இயலாத குறுகிய புகைபோக்கியினுள் சிறுவன் முழங்காலையும் முதுகையும் சுவரில் ஊன்றி ஏறிக் கரியைச் சுரண்டி வீழ்த்துவான். வீட்டாருக்கோ அவன் வருகை நற்குறி. கரி அடைத்த புகைபோக்கியால் வீடு தீப்பற்றும். துடைத்தபின் அடுப்பு நன்கு எரியும். ஆதலின் அவனைக் கண்டால் நல்லூழ் வரும் என்னும் நம்பிக்கை பரவியது. அவன் உருவை வீட்டில் வைத்தாலும் அது வரும் என்று கருதினர். உயிருள்ள சிறுவனுக்கு அந்நல்லூழ் எந்த அளவு கிட்டியது என்பதைக் கேட்டவர் குறைவு. இங்கிலாந்தின் நிலையும் இதனினும் மேலானதன்று. 1788இல் அங்கே எட்டு வயது என வரம்பிட்டும் பயன் இல்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே அவ்வேலை சிறுவரை விட்டது.

டிரெஸ்டனில் இப்பொம்மையைச் செய்தவர்களும் விற்றவர்களும் பெரும்பாலும் ஏழைச் சிறுவர்களே என்பது இவ்வரலாற்றின் மற்றொரு பகுதி. அந்நகரில் 1803இல் பிறந்த ஓவியர் லுத்விக் ரிக்டர் 1853இல் இழைத்த மரச்செதுக்குப் படம் ஒன்றில், பனியில் ஒடுங்கி நின்று இப்பொம்மைகளை விற்கும் இரு குழந்தைகள் காணப்படுகின்றனர். படத்துக்கு அவர் இட்ட தலைப்பு 'வணிகத்தைக் கைவிடுவதால் இறுதி விற்பனை' என்பதாகும். பெருங்கடைக்காரரின் விளம்பர மொழியைச் சில காசுப் பொம்மை விற்கும் குழந்தைகளுக்குச் சூட்டிய அவ்வங்கதம் நகைப்பதற்கு மட்டும் உரியதன்று.

சட்டம் இக்குழந்தைகளை நெடுங்காலம் காணவில்லை. பிரஷ்யா 1839இலேயே ஒன்பது வயதுக்குட்பட்டவரை ஆலைகளிலிருந்து விலக்கியது. எனினும் அடுக்களை மேசையில் நடக்கும் தொழில் ஆலைத் தொழில் அன்றே! வீட்டுத் தொழிலும் சில்லறை வணிகமும் செய்யும் சிறுவரை ஜெர்மானியப் பேரரசின் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் தொட்டது 1903இலேதான். பெற்றோரிடம் வேலை செய்யும் சொந்தப் பிள்ளைகளுக்கு அதிலும் தளர்வு வைத்திருந்தனர்.

1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் டிரெஸ்டனின் பழைய நகரம் எரிந்தது. சந்தை மீண்டும் கூடியது. பழச் சிறுவனும் திரும்பி வந்தான். இன்றும் ஆண்டுதோறும் அவனுக்கென அச்சந்தையில் ஒரு நாள் விழா நடைபெறுகிறது. வாங்கிச் செல்வோர் அவனை உண்பதில்லை. தொப்பியும் ஏணியும் கலையாதபடி அலமாரியில் நிறுத்திவிடுகின்றனர். பழங்கள் மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகின்றன.