கருவிழியின் வரப்பு

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூரை அடுத்துள்ள சிற்றூர் அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அங்கிருந்த பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். மாண்டோர் தொகை செய்தித்தாளில் வந்துவிடுகிறது. இத்தகைய விபத்துகளில் பிழைத்தோரின் கண்கள் என்னவாயின என்ற செய்தி பெரும்பாலும் வருவதில்லை.

வெடி கண்ணை மூவகையில் தாக்குகிறது. அதிர்ச்சியும் வெப்பமும் நாம் அறிந்தவை. மூன்றாவது காரம். கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் போன்ற கார உப்புகள் உண்டு. அமிலம் பட்டால் கண்ணின் புரதங்கள் உறைந்து, அதன் வழியைத் தாமே ஓரளவு அடைத்துவிடும். காரமோ செல்லுறைகளின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தைகளின் கண்ணைக் கெடுப்பதும் இவ்வாறே. மருந்தோ சுண்ணாம்போ கண்ணில் பட்டால் கசக்காமல், எண்ணெயோ தாய்ப்பாலோ விடாமல், உடனே தூய நீரால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு ஓடுவது அதற்குப் பிறகுதான்.

இவ்வாறு கருகிய கண்ணை மீட்க முடியுமா? இக்கேள்விக்கு விடை காண ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின. மருத்துவர்கள் வெகுகாலம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தனர். கோளாறோ அதன் சட்டத்தில் இருந்தது.

சன்னல் என்று நான் சொல்வது கார்னியாவை. கருவிழிக்கு முன்னே, கைக்கடிகாரக் கண்ணாடி போல் வளைந்திருக்கும் ஒளிபுகும் படலம் அது. நடுவில் அரை மில்லிமீட்டர் தடிப்பே உள்ளது. கண்ணின் குவிக்கும் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் ஏறக்குறைய 43 இப்படலத்தினுடையது. கண்ணின் லென்சைப் பற்றியே வகுப்பில் நாம் அதிகம் பேசுகிறோம். கணக்குப் பார்த்தால் கார்னியாதான் மூத்த பங்காளி. அதில் ஒரு இரத்தக் குழாய் கூட இல்லை. இருந்தால் ஒளி புகாது.

1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலமோட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் முதன்முறையாக ஒரு மனிதரின் கார்னியாவை இன்னொருவருக்கு வெற்றியுடன் பொருத்தினார். பெற்றவர் சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணிழந்த ஒரு தொழிலாளி. கொடுத்தது, காயத்தால் அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண். பொருத்திய இரு கண்களில் ஒன்று கெட்டது; மற்றொன்று தெளிவாக நின்றது. ஆனால் இந்த வெற்றி எல்லோருக்கும் கிட்டவில்லை. காரத்தால் கடுமையாகக் கருகிய கண்களில் எவ்வளவு நல்ல கார்னியாவைத் தைத்தாலும், சில காலத்தில் வெண்விழியின் மெல்லிய தோல் இரத்தக் குழாய்களோடு அதன்மேல் படர்ந்தது. புதுச் சன்னலும் மூடிக்கொண்டது.

ஏன்? கார்னியாவின் மேல்தோல் ஓயாமல் உதிர்கிறது, ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? 1971-இல் டாவாங்கர், எவன்சன் என்னும் நார்வே ஆய்வாளர் இருவர் இதற்கொரு தடயம் கண்டனர். நிறமி மிகுந்த கண்களில் புண் ஆறும்போது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நிறமிக் கோடுகள் நகர்ந்து வந்தன. ஆகவே ஊற்று இருப்பது ஓரத்தில். வெண்விழியும் கார்னியாவும் சந்திக்கும் அந்த வளையத்திற்கு லிம்பஸ் என்று பெயர். இலத்தீன் மொழியில் விளிம்பு என்பது பொருள். நம் வயற்காட்டுச் சொல்லில் வரப்பு எனலாம். இரு நிலங்களையும் பிரித்து வைப்பது அதுவே. வரப்பு அழிந்தால் பக்கத்து நிலத்துக் களை உள்ளே வந்துவிடும். தைத்த கார்னியாக்கள் கெட்டதன் மருமம் இதுதான்.

1983-இல் தாஃப்ட், ஃபிரெண்ட் என்னும் இருவர் இதைச் சமன்பாடாகவே எழுதினர். அடியில் பிறக்கும் செல்களும் ஓரத்திலிருந்து நகர்ந்து வருபவையும் சேர்ந்தால், மேலே உதிர்பவைக்குச் சமம். இயற்பியல் மாணவர்கள் இதில் தங்கள் தொடர்ச்சிச் சமன்பாட்டை அடையாளம் கண்டுகொள்வர். 1986-இல் ஷெர்மர், கால்வின், சன் ஆகிய மூவர், முதிர்ந்த கார்னியாச் செல்லுக்கு உரிய ஒரு கெரட்டின் புரதம் லிம்பஸின் அடிவரிசைச் செல்களில் மட்டும் இல்லை எனக் காட்டினர். அவை இன்னும் முதிராத குருத்துச் செல்கள். 1989-இல் கென்யனும் செங்கும் நல்ல கண்ணின் லிம்பஸ் துண்டுகளைக் கெட்ட கண்ணுக்கு மாற்றிப் பயன் கண்டனர். ஆனால் பெரிய துண்டு எடுத்தால் நல்ல கண்ணுக்கே ஆபத்து வரக்கூடும் என்ற அச்சம் இருந்தது. ஒரு கண்ணே எஞ்சியுள்ள பட்டாசுத் தொழிலாளியிடம் அதைக் கேட்பது சிறிய காரியமா?

சிறு துண்டை எடுத்து வெளியே வளர்த்தால் என்ன? குருத்துச் செல் தனியே வாழாது என்பது இங்கேதான் குறுக்கிட்டது. எலும்பு மச்சையை ஆராய்ந்த மான்செஸ்டர் அறிஞர் ஸ்கோஃபீல்டு 1978-இலேயே, குருத்துச் செல்லைக் குருத்தாக வைத்திருப்பது அதன் உறைவிடமே என்று கூறியிருந்தார். லிம்பஸில் அந்த உறைவிடம் ஆரைப்போக்கில் அமைந்த நுண்ணிய மேடுபள்ளங்கள். மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் அடியில்தான் அவை மிகுதி. அங்கே நிறமிச் செல்கள் தம் கருந்துகள்களைக் குருத்துச் செல்களுக்கு ஈந்து, புறஊதாக் கதிருக்குக் குடை பிடிப்பதாகக் கருதப்படுகிறது. கீழுள்ள ஆதாரச் செல்கள், ‘இப்போது பிரி, இப்போது பொறு’ என்னும் வேதிச் சைகைகளை அனுப்புகின்றன. 

ஆய்வகத்தில் இந்த அயலாருக்குப் பதிலாளிகள் தேவைப்பட்டன. கதிர்வீச்சால் பிரியும் திறன் இழந்த எலிச் செல்களைச் செவிலித் தளமாகப் பரப்பி, அதன்மேல் தோல் செல்களை வளர்க்கும் முறையை 1975-இல் ரைன்வால்டும் கிரீனும் வகுத்திருந்தனர். அதைக்கொண்டே 1997-இல் இத்தாலியில் பெல்லெக்ரினி குழுவினர் காரத்தால் கெட்ட இரு கண்களை மீட்டனர்.

இந்தியாவில் ஐதராபாத் எல். வி. பிரசாத் கண் நிலையம் எலிச் செல்லை நாடவில்லை. மகப்பேற்றின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மீது, நோயாளியின் சொந்தச் சீரத்தை ஊற்றியே செல்களை வளர்த்தது. 2011-இல் வெளியான அதன் பத்தாண்டுக் கணக்கில் 200 நோயாளிகளில் 71 விழுக்காட்டினருக்குப் பயன் நிலைத்தது.

வளர்த்த செல்களுள் உண்மையான குருத்துச் செல் எவ்வளவு? இதை அறிய நம் மதுரை ஒரு வழி சொன்னது. அரவிந்த் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வீ. ஆர். முத்துக்கருப்பன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட முறையில் இரு அளவைகள் உண்டு: பி63 என்னும் புரதம் மிகுந்திருக்க வேண்டும், செல்லின் அளவை நோக்க உட்கரு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்திய சிறு செல்கள் லிம்பஸிலேயே காணப்பட்டன. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2010-இல் இத்தாலியர் 112 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பி63 மிகுந்த செல்கள் மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்த ஒட்டுகளில் 78 விழுக்காடு வென்றன. குறைந்தவற்றில் 11 மட்டுமே.

2012-இல் ஐதராபாத்தின் சங்வான் குழு ஆய்வகத்தையே விட்டுவிட்டது. நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவே எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பனிக்குடச் சவ்வின் மீது நாற்றுப் போல் நட்டு ஃபைப்ரின் பசையால் ஒட்டினர். செல்கள் பிரிக்கப்படாததால் தம் அயலாரோடு சேர்ந்தே குடியேறின. கண்ணே வளர்ப்புத் தட்டாயிற்று; செலவும் வெகுவாகக் குறைந்தது. 2016-இல் வெளியான 125 நோயாளிகளின் கணக்கில் 76 விழுக்காடு வெற்றி. வயலறிந்த நாட்டில் இம்முறை பிறந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

இரு கண்ணும் கருகினால்? உறவினரின் லிம்பஸைப் பெறலாம். ஆனால் உடல் அதை ஒதுக்காதிருக்க நெடுநாள் மருந்துண்ண வேண்டும். 2004-இல் ஜப்பானின் நிஷிடா குழு நோயாளியின் வாய்த்தோலையே வளர்த்து நால்வர் கண்ணில் பொருத்தியது. மதுரை அரவிந்திலும் கன்னத்தின் உட்தோலைக்கொண்டு செய்த முயற்சி 2011-இல் வெளியாயிற்று. அந்தத் தோல் கண்ணை மூடிக் காக்கிறது. ஆயினும் அது வாய்த்தோலின் இயல்பை முற்றும் விடுவதில்லை. மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே வருகின்றன.